மருதம்பட்டைக் குடிநீர் கீமோ மருந்தினால் வரும் இதயப் பாதிப்பைத் தடுக்குமா?

உப்புவெளியிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, 'சிவப்பு மருந்து' இரண்டு தடவை ஏற்றப்பட்டுவிட்டது. இன்னும் இரண்டு தடவை மீதமிருக்கிறது. அந்த மருந்து இதயத்தைப் பலவீனமாக்கக்கூடும் என்பதால் வைத்தியர் எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்திருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர் மருதம்பட்டைக் குடிநீரும் மஞ்சள் கப்சியூலும் கொடுக்கச் சொல்ல, அம்மா இரண்டு கிழமைகளாக அவற்றை எடுத்து வருகிறார். நீங்கள் இணையத்தில் தேடியபோது, தாவரச் சாறுகள் இதயத்தைக் காப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் அம்மாவின் இதயம் காப்பாற்றப்படுமா? அப்படிக் கொடுக்கும்போது புற்றுநோய்க்கு எதிரான மருந்தின் வேலை குறையாமல் இருக்குமா? இணையக் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது கேள்விதான் உங்கள் அம்மாவுக்கு முக்கியமானது.

நான் மருந்தாளராக அரச வைத்தியசாலைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். புற்றுநோய் மருந்துகளைக் கலந்து கொடுக்கும் பிரிவிலும் இருந்திருக்கிறேன். மருந்தியல் கற்பித்தும் வருகிறேன். புற்றுநோய் வைத்திய நிபுணரோ இதய வைத்திய நிபுணரோ அல்லன். உங்கள் அம்மாவின் அறிக்கைகளையும் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு என்ன மருந்து கொடுக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். தாவரச் சாறுகள் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்துக்குரியது எது என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். என் பதிலைச் சுருக்கமாக முன்கூட்டியே சொல்வதானால், எலிகளின் இதயத்தை இத்தகைய சாறுகள் காப்பது உண்மை; கீமோ பெறும் மனிதரின் இதயத்தைக் காக்கும் என்று நம்பிக் கொடுக்குமளவுக்குச் சான்று இல்லை; சிகிச்சை நடக்கும் மாதங்களில் அவை கெடுதல் செய்வதற்கான வழிகளோ நன்றாகத் தெரிந்தவை.

சிவப்பு மருந்து என்று நீங்கள் எழுதியிருப்பது டொக்சோரூபிசினாகவோ அதன் உறவான எபிரூபிசினாகவோ இருக்க வேண்டும்; அது எதுவென்று கிளினிக் கொப்பியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவது இந்த மருந்தின் நிறத்தால்தான். அது இரத்தம் அல்ல. இந்த வகையின் முதல் மருந்து இத்தாலியில் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் கண்டுபிடிக்கப்பட்டது. டொக்சோரூபிசினுக்கு வழங்கிய அட்ரியாமைசின் என்ற பெயர் அந்நாட்டின் அட்ரியாட்டிக் கடலை ஒட்டி வந்தது. மார்பகப் புற்றுநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோயிலும் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த மருந்து அது. இதயத்தைத் தாக்குவதும் அதே மருந்துதான். எனவே இதயத்துக்குப் பயந்து மருந்தை மறுப்பதும், புற்றுநோய்க்குப் பயந்து இதயத்தைக் கவனிக்காமல் விடுவதும் ஒரேயளவு தவறு.

இந்தப் பாதிப்பு வாழ்நாளில் ஏற்றப்பட்ட மொத்த அளவைப் பொறுத்தது. 2003ஆம் ஆண்டில் வெளியான, இன்றும் எடுத்தாளப்படும் ஒரு கணிப்பின்படி, உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் டொக்சோரூபிசின் சேரும்போது சுமார் 5 வீதமானோருக்கு இதயச் செயலிழப்பு ஏற்படுகிறது. 550 மில்லிகிராமில் அது 26 வீதம், 700 மில்லிகிராமில் 48 வீதம். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஒரு தடவைக்குச் சதுர மீற்றருக்கு 60 மில்லிகிராம் வீதம் நான்கு தடவை கொடுக்கப்படுகிறது. அதாவது மொத்தம் 240. உங்கள் அம்மா 155 சென்ரிமீற்றர் உயரமும் 58 கிலோ நிறையும் உள்ளவர் என்று வைத்துக்கொண்டால், அவருடைய உடற்பரப்பு ஏறத்தாழ 1.58 சதுர மீற்றர். ஒரு தடவைக்குச் சுமார் 95 மில்லிகிராம். நான்கு தடவைக்கு 380 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அம்மாவின் உண்மையான உயரத்தையும் நிறையையும் கொண்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் மேலே சொன்ன 400 என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டியது சதுர மீற்றருக்கான 240ஐத்தான், இந்த 380ஐ அல்ல. நான்கு தடவையே திட்டம் என்றால், அவர் ஆபத்து அதிகமுள்ள எல்லைக்கு வெகுதூரம் கீழே நிற்கிறார் என்பது தெரியும். ஆபத்து அறவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, ஏற்கெனவே இருந்த இதய நோய், முதுமை, மார்பின் இடப்பக்கம் பெற்ற கதிர்ச் சிகிச்சை ஆகியவை குறைந்த அளவிலும் பாதிப்பைக் கொண்டுவரக்கூடும். இறுதியாக ஏற்றப்பட்ட மொத்த அளவை ஒரு கடதாசியில் எழுதி, வாழ்நாள் முழுவதும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னொரு காலம் மீண்டும் இவ்வகை மருந்து தேவைப்பட்டால், வைத்தியர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

இனி மூலிகைகளுக்கு வருவோம். நீங்கள் படித்த ஆய்வுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றேதான். ஆரோக்கியமான எலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குத் தாவரச் சாற்றை ஒரு கிழமையோ பல கிழமைகளோ வாய்வழியாகக் கொடுப்பார்கள். பிறகு டொக்சோரூபிசினை வயிற்றறைக்குள் ஊசியாகப் போடுவார்கள். பல ஆய்வுகளில் உடல் நிறையின் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை ஒரே ஊசியில் போய்விடும். ஓரிரு நாளில் எலியைக் கொன்று, இதயத் தசையிலிருந்து குருதிக்குள் கசிந்த நொதியங்களையும், தசையில் ஒட்சியேற்றத்தால் விளைந்த சிதைவையும் அளப்பார்கள். சாறு குடித்த எலிகளில் அளவுகள் நன்றாக இருக்கும். மருதம்பட்டை, மஞ்சளின் குர்குமின், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன், பூண்டு, திராட்சை விதை, பச்சைத் தேயிலை என்று எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே முடிவு வந்திருக்கிறது. இவை பொய்யான ஆய்வுகள் அல்ல. ஆனால் இத்தனை வேறுபட்ட தாவரங்கள் எல்லாம் ஒரே முடிவைத் தருகின்றன என்றால், சோதனை எதை அளக்கிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மருந்தியலில் வழக்கமாகப் பயன்படும் உடற்பரப்பு மாற்றுக் கணக்கின்படி, எலிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பது சதுர மீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம். உங்கள் அம்மாவுக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு, ஒரே ஊசியில். அதனால் விளைவது இரண்டு நாளில் தெரியும் கடுமையான நஞ்சேற்றம். அம்மாவுக்கு வரக்கூடியதோ மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தசை தளரும் பாதிப்பு. அந்த எலிகளில் பலவற்றுக்குப் புற்றுக்கட்டியே இல்லை என்பதையும் கவனியுங்கள். கட்டியே இல்லாத எலியில், சாறு கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றியதா என்ற கேள்விக்கு விடை கிடைக்க வழியில்லை.

சாற்றின் அளவையும் ஒருமுறை கணக்குப் பார்க்கலாம். எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் சாறு என்பது இத்தகைய ஆய்வுகளில் சாதாரணமான அளவு. அதே கணக்கின்படி 60 கிலோ நிறையுள்ள மனிதருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம். இங்கே சாறு என்பது பட்டையை மதுசாரத்திலோ நீரிலோ ஊறவைத்துப் பிரித்து, வற்றவைத்து எடுத்த செறிந்த பொருள். பட்டையின் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கிறது என்று கொண்டால், நாளுக்கு 50 கிராம் பட்டை வேண்டும். வீட்டில் நாம் செய்வது வேறு. ஒரு பிடி பட்டையை இடித்து, எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு ஒரு பங்காக வற்றக் காய்ச்சி வடிக்கிறோம். அதில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது மரத்தின் வயது, பட்டை உரித்த காலம், காயவைத்த விதம், அடுப்பின் சூடு எல்லாவற்றையும் பொறுத்தது. கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கும் நம் திருகோணமலை மாவட்டத்தில் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் மருத மரத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாட்டுமருந்துக் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் பட்டை எந்த மரத்தினது, எத்தனை மாதம் கிடந்தது, பூஞ்சணம் பிடித்ததா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. எலிக்குக் கொடுத்த பொருளும் அம்மாவின் கோப்பையில் இருக்கும் பொருளும் பெயரால் மட்டுமே ஒன்று.

ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள் இந்தப் பாதிப்பையும் தடுக்கும் என்ற எண்ணம் புதியதல்ல. அது மனிதரிடம் பரிசோதிக்கப்பட்டு முடிந்த ஒன்று. 1977இல் விற்றமின் ஈ கொடுத்த எலிகளின் இதயம் டொக்சோரூபிசினிலிருந்து காக்கப்பட்டதாகப் பெரும் நம்பிக்கையூட்டும் முடிவு வெளியானது. 1982இல் புற்றுநோயாளரிடம் அதைக் கொடுத்துப் பார்த்தபோது இதயம் காக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு அசற்றைல்சிஸ்ரைன் என்ற மற்றொரு ஒட்சியேற்ற எதிரியிலும் அதே ஏமாற்றம்தான். தூய நிலையில், அளவு தெரிந்து கொடுத்த பொருள்களே எலியிலிருந்து மனிதருக்குத் தாண்டவில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் பட்டைச் சாற்றைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

ஏன் தாண்டவில்லை என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைத்திருக்கிறது. நீண்ட காலமாக, இந்த மருந்து இரும்போடு சேர்ந்து இதயத் தசைக்குள் ஒட்சிசன் மூலிகங்கள் என்ற, எதையும் எளிதில் தாக்கும் துகள்களை உண்டாக்குகிறது, அவை கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளை அரிக்கின்றன என்பதே முழு விளக்கம் என்று நாங்கள் கற்றோம், கற்பித்தோம். அது நடப்பது உண்மை. ஆனால் 2012இல் வந்த ஓர் ஆய்வு வேறொரு வாசலைத் திறந்தது. டி.என்.ஏ. இழைகளின் முறுக்கை வெட்டி ஒட்டும் டொபோஐசோமரேஸ் என்ற நொதியத்தின் ஒரு வடிவம் பெருகும் புற்றுநோய்க் கலங்களில் அதிகம். டொக்சோரூபிசின் புற்றுநோயில் பிடிப்பது அதைத்தான். அதன் மற்றொரு வடிவம் இதயத் தசையில் இருக்கிறது. மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. இதயத் தசையிலிருந்து அந்த இரண்டாவது வடிவத்தின் மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தபோது இதயம் பெருமளவு தப்பியது. மூலிகங்களின் பெருக்கமும் குறைந்தது. அப்படியானால் மூலிகங்களில் பெரும்பகுதி, முன்னரே தொடங்கிவிட்ட சேதத்தின் விளைவு. புகையை விசிறிக் கலைப்பதால் அடுப்பு அணையாது. இந்த விளக்கமும் முழுமையானது என்று சொல்வதற்கில்லை. இரும்புச் சேர்க்கையால் கலம் மடியும் மற்றொரு முறை பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. ஒட்சியேற்ற எதிரி என்ற ஒற்றைத் தகுதியை வைத்து ஒரு மூலிகையை இதயக் காவலன் என்று சொல்லிவிட முடியாது என்ற அளவுக்கு மட்டும் இது உறுதி.

மனிதரிடம் மருதம்பட்டை பரிசோதிக்கப்படவே இல்லையா என்று கேட்பீர்கள். இந்தியாவில் இதய நோயாளரிடம் பரிசோதித்திருக்கிறார்கள். 1995இல் இதயச் செயலிழப்புள்ள பன்னிரண்டு பேரிடம் நடந்த சிறிய ஆய்வு நல்ல பலனைக் காட்டியது. இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். 2016இல் வெளியான, மருந்தற்ற போலிக் கப்சியூலோடு ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வில், பட்டையின் நீர்ச்சாற்றை 750 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரு வேளை 12 கிழமைகள் கொடுத்தும், இதயம் குருதியைத் தள்ளும் திறன் கூடவில்லை. இவை இரண்டுமே கீமோ பெற்றவர்களிடம் செய்யப்பட்டவையல்ல. கீமோவோடு நேரடியாகத் தொடர்புள்ளவை என்று பார்த்தால், எகிப்தில் இரத்தப் புற்றுநோயுள்ள சிறுவர்களிடம் கருஞ்சீரக எண்ணெயையும் பால்நெருஞ்சில் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரினையும் டொக்சோரூபிசினோடு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. அவற்றில் எக்கோ அளவுகள் ஓரளவு நன்றாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நான் அதை அலட்சியப்படுத்தவில்லை; பெரிய அளவில் செய்து பார்க்கத் தகுந்த விடயம். ஆனால் அவை சிறு எண்ணிக்கையானோரிடம் குறுகிய காலம் நடந்தவை. பல ஆண்டுகளின் பின் இதயம் எப்படி இருந்தது, நோய் திரும்பியதா என்ற கேள்விகளுக்கு அவை போதா. இந்த ஊரில் பல வீடுகளில் கருஞ்சீரகம் நம்பிக்கையோடும் பயபக்தியோடும் உட்கொள்ளப்படுகிறது என்பதால் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. புற்றுக்கட்டியைக் கொல்வதற்கும் மருந்துகளில் சில ஒட்சியேற்றத்தைப் பயன்படுத்துகின்றன. இதயத்தை மட்டும் தேடிச் சென்று காக்கும் புத்தி சாற்றுக்குக் கிடையாது. அது கட்டிக்கும் போய்ச் சேரும். 2002இல் ஓர் ஆய்வில், மனித மார்பகப் புற்றுக்கட்டி வளர்க்கப்பட்ட எலிகளின் உணவில் குர்குமினைச் சேர்த்தபோது, சைக்குளோபொஸ்பமைட் என்ற மருந்தால் கட்டி சுருங்குவது குறைந்தது. டொக்சோரூபிசினோடு சோடியாக ஏற்றப்படும் மருந்து பெரும்பாலும் அதுதான்; உங்கள் அம்மாவின் கொப்பியிலும் அந்தப் பெயர் இருக்கலாம். மனிதரைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் டொக்சோரூபிசினை உள்ளடக்கிய சிகிச்சை பெற்ற 1,134 மார்பகப் புற்றுநோயாளரிடம் அவர்கள் உட்கொண்ட விற்றமின் முதலியவற்றைக் கேட்டறிந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் ஒட்சியேற்ற எதிரிக் குளிசைகளை எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது சுமார் 41 வீதம் அதிகமாகக் காணப்பட்டது. இந்த வேறுபாடு புள்ளிவிபர ரீதியில் எல்லைக்கோட்டில் நிற்பது. குளிசைதான் காரணம் என்று இது நிரூபிக்கவுமில்லை. எலிகளின் ஆய்வை நம்பிக்கைக்கு எடுத்துக்கொள்பவர், எச்சரிக்கைக்கு இதையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடத் தெளிவான ஆபத்து, மருந்து உடலை விட்டு வெளியேறும் பாதையில் இருக்கிறது. டொக்சோரூபிசினை ஈரலின் நொதியங்கள் மாற்றுகின்றன. கலங்களின் சுவரிலுள்ள ஒரு வெளியேற்றும் புரதம் அதை வெளியே தள்ளுகிறது. பெரும்பகுதி பித்தத்தோடு கழிகிறது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பிப்பெரின் இந்த நொதியங்களில் முக்கியமான ஒன்றையும் அந்த வெளியேற்றும் புரதத்தையும் தடுப்பதாக ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் கப்சியூலின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மிளகுச் சாறும் சேர்க்கப்பட்டிருக்கும். குர்குமின் தனியே குடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை. 1998இல் ஓர் ஆய்வில் 20 மில்லிகிராம் பிப்பெரினைச் சேர்த்ததும் குருதியில் அதன் அளவு மனிதரில் இருபது மடங்கானது; அதனால்தான் சேர்க்கிறார்கள். குர்குமினின் சிதைவைத் தடுக்கும் பொருள், அதே நாளில் ஏற்றப்பட்ட கீமோ மருந்தின் சிதைவையும் தடுக்கக்கூடும். தடுத்தால் மருந்து உடலில் கூடுதலாகத் தங்கும். இதயத்தைக் காக்கக் கொடுத்த கப்சியூல் இதயத்துக்குப் போகும் நஞ்சைக் கூட்டிவிடுவதற்கு இதுவே வழி. மருதம்பட்டைச் சாறும் மனித ஈரலின் நுண்பகுதிகளில் இத்தகைய நொதியங்கள் மூன்றைத் தடுத்திருக்கிறது. அது ஆய்வுகூட முடிவு மட்டுமே, உடலுக்குள் எவ்வளவு நடக்கும் என்பது வேறு கேள்வி. காய்ச்சலுக்கு நாம் அவித்துக் குடிக்கும் மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் மனிதரிலேயே இவ்வாறு தடுப்பது காட்டப்பட்டிருக்கிறது.

ஈரலையும் மறந்துவிடக் கூடாது. கோவிட் காலத்தில் இந்தியாவில் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்குக் கடுமையான ஈரல் அழற்சி வந்தது. மிளகு சேர்த்த மஞ்சள் கப்சியூலாலும் அமுக்கராக் கிழங்காலும் ஈரல் பாதிக்கப்பட்டோரும் பதிவாகியிருக்கிறார்கள். எடுத்தவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் இது அரிது. ஆனால் கீமோ பெறுபவருக்கு இதன் விலை பெரிது. குருதியில் பிலிரூபின் (ஈரல் கழிக்க வேண்டிய மஞ்சள் நிறப் பொருள்) உயர்ந்தால் டொக்சோரூபிசினைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டிவரும். உயர்ந்ததற்குக் காரணம் மூலிகை என்று தெரியாவிட்டால், நோய் ஈரலுக்குப் பரவிவிட்டதோ என்று ஸ்கானுக்கு ஓட வேண்டியிருக்கும். அதிமதுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: தொண்டைக்கு இதமென்று நாட்கணக்கில் குடித்தால் குருதியமுக்கம் ஏறும், பொற்றாசியம் இறங்கும். வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் ஏற்கெனவே பொற்றாசியம் குறைந்திருப்பவருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட அது போதும்.

மூலிகைக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்தி இருக்கிறது என்பதால்தான் இத்தனை எச்சரிக்கை. அலரி விதை இதயத்தை என்ன செய்யும் என்பதை வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்த ஒவ்வொரு வைத்தியரும் தாதியும் கண்ணால் கண்டிருக்கிறார்கள். நம் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து வந்ததுதான் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின். சிவப்பு மருந்து முடிந்த பின் உங்கள் அம்மாவுக்குக் கொடுக்கக்கூடிய பக்லிராக்செல் பசிபிக் கரையோரத்து யூ மரத்தின் பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. அவை தனியே பிரித்தெடுக்கப்பட்டு, அளவு வகுக்கப்பட்டு, கெடுதல்கள் எண்ணப்பட்ட பின்னரே நோயாளியிடம் வந்தன. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் மாவட்டம் இது. முறையாகப் படித்த சித்த வைத்தியரிடம் நீங்கள் போனால், கீமோ நடக்கிறது என்பதையும் மருந்துகளின் பெயர்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொறுப்புள்ளவர் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கவே சொல்வார் என்று நான் நம்புகிறேன்.

உணவில் இருப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கறிக்குப் போடும் மஞ்சள், இரசத்தின் மிளகும் பூண்டும், வெந்தயம், முருங்கையிலைச் சுண்டல், இலைக்கஞ்சி எல்லாம் வழக்கமான அளவில் இருக்கட்டும். சிகிச்சையால் வாய் கசந்து உணவு இறங்காமல் தவிப்பவரிடம் இன்னும் நாலு பொருளைத் தடைசெய்வது கொடுமை. நான் நிறுத்தச் சொல்பவை கப்சியூல், செறிந்த சாறு, நாள் தவறாத குடிநீர், சூரணம் ஆகியவை. இன்னொன்று: ஒவ்வொரு தடவை ஏற்றிய பின்னும் ஏறத்தாழப் பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் பச்சையாக இடித்துப் பிழிந்த இலைச்சாறும் பச்சை வல்லாரைச் சம்பலும் வேண்டாம். நன்றாகக் கழுவி அவித்துக் கொடுங்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இந்தக் காலத்தில் இதயத்தைவிட விரைவாக உயிரைக் கொண்டுபோகக்கூடியது அந்தக் காய்ச்சல்.

இதயத்தை உண்மையில் காப்பவை எவை? முதலாவது கண்காணிப்பு. எக்கோ அறிக்கையில் ஈ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். இடது இதயவறை தன்னிலுள்ள குருதியில் ஒரு துடிப்புக்கு எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை அது காட்டும். தொடக்கத்தில் இருந்த எண்ணைக் குறித்து வையுங்கள். அது பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி ஐம்பதுக்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டிய மாற்றம். இத்தாலியில் 2,625 நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 9 வீதமானோரிடம் இதயப் பாதிப்புக் காணப்பட்டது. அவர்களில் அநேகமாக எல்லாரிடமும் அது முதல் ஆண்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டது. உடனே இதய மருந்து தொடங்கியதால் பெரும்பாலானோர் முழுமையாகவோ ஓரளவோ தேறினர். ஆகவே சிகிச்சை முடிந்த பின் வரும் எக்கோவைத் 'துன்பம்தான் முடிந்துவிட்டதே' என்று தவறவிடாதீர்கள். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கோ மஹரகமவுக்கோ பஸ்ஸில் போய்வரும் களைப்பு எனக்குத் தெரியும். இருந்தும் இந்த ஒரு பயணத்தை விடக் கூடாது. கட்டி ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகையென்று அறிக்கை சொன்னால், பின்னர் கொடுக்கப்படும் ட்ராஸ்டுசுமாப் மருந்தும் இதயத்தின் திறனைக் குறைக்கக்கூடியது என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பது வழக்கம். அதனால் வரும் இறக்கம் பெரும்பாலும் மீளக்கூடியது.

இரண்டாவது குருதியமுக்கம். கண்டுபிடிக்கவும் குறைக்கவும் எளிதான ஆபத்து இதுவே. அமுக்கத்துக்கான குளிசையை 'கீமோ நடக்கும்போது வேறு மருந்து வேண்டாம்' என்று தாமாக நிறுத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். வாய் கசப்புக்குக் கருவாடுதான் இறங்கும் என்பார். சிறு துண்டோடு நிற்கட்டும். இயன்ற நாட்களில் கடற்கரையோரம் மெதுவாக நடப்பதும் இதயத்துக்கு நல்லது. மருந்துகள் என்று வந்தால், இந்தப் பாதிப்பைத் தடுப்பதற்கென்றே அனுமதிக்கப்பட்டது டெக்ஸ்ராசொக்சேன். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டொக்சோரூபிசினுக்குச் சற்று முன் நரம்பு வழியே ஏற்றப்படுவது. மொத்த அளவு உயரப்போகிறவர்களுக்கே அது பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது; 240 என்ற அளவோடு நிற்பவருக்கு வழக்கமாகத் தேவைப்படாது. கொலஸ்ரரோலுக்கான அற்றோர்வஸ்ரற்றின் பற்றி இரு முடிவுகள் உள்ளன. நிணநீர்ப் புற்றுநோயுள்ள 300 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இதயத் திறன் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியோர் 22 வீதத்திலிருந்து 9 வீதமாகக் குறைந்தனர். பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளரிடம் நடந்த முந்தைய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் அம்மா ஏற்கெனவே அதை எடுப்பவரானால் நிறுத்தாமல் தொடர்வது நல்லது. புதிதாகத் தொடங்குவது வைத்தியர் முடிவு செய்ய வேண்டியது.

படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, மாலையில் கணுக்கால் வீங்கி விரலால் அழுத்தினால் குழி விழுவது, சில நாட்களுக்குள் இரண்டு மூன்று கிலோ நிறை கூடுவது, காரணமின்றி நெஞ்சு படபடப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். களைப்பு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கீமோவினாலோ குருதிச்சோகையினாலோ வருவது.

அம்மா ஏற்கெனவே இரண்டு கிழமை குடித்துவிட்டார் என்பதற்காகப் பதற வேண்டாம். பெரும்பாலும் எதுவும் நடந்திருக்காது. இன்றோடு குடிநீரையும் கப்சியூலையும் நிறுத்துங்கள். மூன்றாவது தடவைக்குப் போகும்போது மிஞ்சிய பட்டையையும் கப்சியூல் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், மருந்து ஏற்றுவதற்கு முன்பே வைத்தியரிடம் காட்டுங்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். அன்று எடுக்கும் குருதிச் சோதனையில் ஈரலுக்கான சோதனையும் பொற்றாசியமும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். வைத்தியர் கடிந்துகொள்வாரோ என்று அம்மா தயங்கினால், விடுதித் தாதியிடமோ மருந்தாளரிடமோ முதலில் சொல்லலாம். அவர்கள் அதைக் கொப்பியில் குறித்து வைத்தியரின் கவனத்துக்குக் கொண்டுபோவார்கள். இந்தச் சிகிச்சை முடிந்து, நோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் தமொக்சிபென் குளிசை தொடங்கினால், அப்போதும் மஞ்சள் கப்சியூலை எடுக்க முன் கேளுங்கள். நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், குர்குமினையும் பிப்பெரினையும் சேர்த்து எடுத்தவர்களின் குருதியில் தமொக்சிபெனின் செயற்படு வடிவம் குறைந்திருந்தது, அந்தக் குளிசையோ ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் எடுக்க வேண்டியது.